பால் பல்லுக்கு வேர் சிகிச்சையா, பிடுங்குவதா? பெற்றோர் எடைபோட வேண்டியவை

ஐந்து வயதுக் குழந்தையின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. இரவில் வலியால் விழித்து அழுகிறது. ஒரு பல் மருத்துவர் ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு, கிராம்புத் தைலம் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த நிலையில் நிற்கும் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. இந்த மூன்று ஆலோசனைகளும் ஏதோ ஒரு வயதில், ஏதோ ஒரு பல்லுக்குப் பொருந்தக்கூடியவையே; நம் குழந்தையின் இந்தப் பல்லுக்கு எது பொருந்தும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதோடு, "ரூட் கெனால்" என்று கிளினிக்குகளில் பொதுவாகச் சொல்லப்படும் சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் முன்னதாக, நரம்பைத் தொடாமலேயே பல்லைக் காக்கும் வழியும் உண்டு. எனவே நம் முன் இருப்பவை இரண்டு வழிகள் என்று எண்ணாமல் ஐந்து என்று வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது: நரம்பைத் தொடாமல் காப்பது, இரண்டு வகை வேர் சிகிச்சை, எடுப்பது, காத்திருப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பல்லின் உள்ளே இருக்கும் கூழின் நிலை. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக்குழாய்களும் நிறைந்த மென்மையான திசு உள்ளது. இதைத்தான் பல் கூழ் என்கிறோம். பால் பற்களில் எனாமலும் அதற்கு அடியிலுள்ள டென்டினும் நிலைப்பற்களில் இருப்பதைவிட மெல்லியவை. பல்லின் அளவோடு ஒப்பிட்டால் கூழறை பெரியது. அதனால் வெளியே சிறு கறுப்புப் புள்ளியாகத் தெரியும் சொத்தை, குறிப்பாக இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இடையே தொடங்கிய சொத்தை, உள்ளே கூழை நெருங்கியிருக்கக் கூடும்.

இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டால் மட்டும் வலித்து, உடனே அடங்கிவிடுகிறதென்றால் கூழ் பெரும்பாலும் உயிருடன், மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. எதுவும் படாமலே வலிக்கிறது, இரவில் எழுப்புகிறது, வலி நெடுநேரம் நீடிக்கிறது என்றால் கூழ் மீள முடியாத அழற்சிக்குப் போயிருக்கலாம். ஈறில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வடிவது, விழும் வயது வராத பல் ஆடுவது, பல்லின் நிறம் மங்கிக் கருத்துப்போவது ஆகியவை கூழ் இறந்துவிட்டதைக் காட்டும் அடையாளங்கள். இங்கே பெற்றோர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: சில நாள் துடித்த பல் திடீரென்று அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டதாக எண்ணுகிறார்கள். கூழ் இறந்ததாலும் வலி நின்றுபோகும். தொற்று அப்போதும் எலும்புக்குள் பரவிக்கொண்டிருக்கலாம். எனவே எக்ஸ்-ரே எடுக்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. பால் கடைவாய்ப் பற்களில் தொற்று பெரும்பாலும் வேர்கள் பிரியும் இடத்தில் முதலில் தெரியும் என்பதால், அந்தப் பகுதி முழுமையாக விழுந்த படமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், அது எந்தப் பல், இன்னும் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பது. மொத்தம் 20 பால் பற்கள். முன்பற்கள் சுமார் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்துவிடும். முதல் கடைவாய்ப் பால் பல் சுமார் 9 முதல் 11 வயதில் விழும். இரண்டாவது கடைவாய்ப் பால் பல் சுமார் 10 முதல் 12 வயதுவரை இருக்கும். "விழப்போகிற பல்" என்று சொல்லும்போது, ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தப் பல் இன்னும் ஐந்தாறு ஆண்டு மெல்லப் பயன்பட வேண்டியது என்பது கணக்கில் வருவதில்லை. மென்று தின்பதைத் தவிர அதற்கு இன்னொரு பணியும் உண்டு: தன் கீழே வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது. சுமார் ஆறு வயதில் வரிசையின் கடைசியில் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டாவது பால் கடைவாய்ப் பல் இல்லாமல் போனால், புதிதாக வரும் பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். பின்னர் 11, 12 வயதில் வர வேண்டிய நிலைப்பல் வழியின்றி ஈறுக்குள் சிக்கிக்கொள்ளும் அல்லது கோணலாக முளைக்கும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழாமல் பின்னால் புதிதாக வருவதால், அதையும் பால் பல் என்றே நினைத்துவிடும் பெற்றோர் ஏராளம். ஆறு, ஏழு வயதுக் குழந்தையின் கடைசிப் பல்லில் சொத்தை என்றால், அது பால் பல்லா நிலைப்பல்லா என்பதை மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நிலைப்பல்லாக இருந்தால் இந்தக் கட்டுரையின் கணக்குகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

மூன்றாவது, சொத்தையை நீக்கிய பின் மிஞ்சும் பல்லின் அளவு. கேப்பைப் பிடித்து நிறுத்தச் சுவர்கள் இல்லாத பல்லுக்குள் எவ்வளவு நேர்த்தியாக வேர் சிகிச்சை செய்தாலும் பயனில்லை. நான்காவது, குழந்தையின் பொது உடல்நலம். இதயக் குறைபாடு, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவு, இரத்தம் உறையாத கோளாறு ஆகியவை முடிவையே தலைகீழாக மாற்றக்கூடியவை. ஐந்தாவது, குழந்தை வாயைத் திறந்து ஒத்துழைக்குமா, குடும்பத்தால் மறுபடி மறுபடி வர முடியுமா என்பது. இதைச் சொல்லப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. மீளாய்வுக்கு வர முடியாத குடும்பத்துக்கு, அடிக்கடி மீளாய்வு கேட்கும் சிகிச்சை எந்தப் புத்தகத்தில் சிறந்ததாக இருந்தாலும் சிறந்தது ஆகாது.

## நரம்பைத் தொடாமல் பல்லைக் காப்பது

சொத்தை ஆழமாகப் போயிருந்தும் கூழ் நல்ல நிலையில் இருந்தால், கூழை ஒட்டியுள்ள கடைசி அடுக்கை மட்டும் தோண்டாமல் விட்டு, அதன்மேல் மருந்துப் பூச்சும் காற்றுப் புகாத அடைப்பும் வைத்து மூடிவிடலாம். உள்ளே மிஞ்சும் கிருமிகளுக்கு உணவு கிடைக்காமல் சொத்தை நின்றுபோகும். அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தொகுத்த ஆய்வுகளில், இரண்டு ஆண்டு முடிவில் இந்த முறை சுமார் 94 சதவீதம் வெற்றி கண்டிருந்தது. மேற்கூழை நீக்கும் பல்போடமி எல்லா மருந்துகளையும் சேர்த்து சுமார் 83 சதவீதம். இரண்டு சிகிச்சைக்கும் வரும் பற்கள் ஒரே நிலையில் இருப்பவை அல்ல என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் ஆழமான சொத்தை என்றாலே ரூட் கெனால் என்ற எண்ணம் தவறு என்பதை அவை போதுமான அளவு காட்டுகின்றன.

இதே தத்துவத்தில் அமைந்தது ஹால் முறை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த முறையில், ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை. சொத்தையுள்ள கடைவாய்ப் பல்லின்மீது ஸ்டீல் கேப்பை சிமென்ட் வைத்து அழுத்திப் பொருத்திவிடுகிறார்கள். கடிக்கும்போது சில நாள் அந்தப் பக்கம் உயரமாகத் தெரியும். பின் தானாகச் சமப்பட்டுவிடும். டிரில் சத்தத்துக்கு அஞ்சும் குழந்தைகளுக்கு இது பெரிய வரம். 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்துவது இன்னொரு வழி. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும் என்பவை இதன் குறைகள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான், ஆனால் கடுமையான நிபந்தனை: தானாக வரும் வலியோ, சீழோ, எக்ஸ்-ரேயில் தொற்றின் அடையாளமோ இருக்கக் கூடாது. இருந்தால் மூடிய கேப்புக்குள் தொற்று வளரும். உங்கள் குழந்தைக்கு வலியே வந்ததில்லை, எக்ஸ்-ரேயில் வேர்ப்பகுதி சுத்தமாக இருக்கிறது என்ற நிலையில் ஒருவர் நேரே ரூட் கெனால் என்றால், "நரம்பைத் தொடாமல் காப்பாற்ற முடியாதா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

## பல்போடமி: மேற்கூழை மட்டும் நீக்குவது

சொத்தையை எடுக்கும்போது கூழ் வெளிப்பட்டுவிட்டது, ஆனால் வேர்களுக்குள் இருக்கும் கூழ் இன்னும் நலமாக இருக்கிறது என்றால், பல்லின் தலைப்பகுதியிலுள்ள கூழை மட்டும் நீக்கி, வேர்க்கூழின் மேல் மருந்து வைத்து மூடி, கேப் போடுவார்கள். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். வேர் உயிருடன் இருப்பதால் அது இயல்பான காலத்தில், இயல்பாகக் கரைந்து, கீழிருந்து வரும் நிலைப்பல்லுக்கு வழிவிடும்.

மருந்து எது என்று கேளுங்கள். பல பத்தாண்டுகளாக ஃபார்மோகிரெசால் பயன்பட்டது. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. பல்லில் வைக்கும் அளவு மிகச் சிறியது என்பதால் பழைய முறையில் சிகிச்சை பெற்றுவிட்ட குழந்தையின் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. ஆனால் 1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்டிஏ என்ற சிமென்ட் வகை மருந்தும், பயோடென்டின் போன்ற அதன் பின்வந்த பொருள்களும் இன்று நம் ஊர்களிலேயே கிடைக்கும்போது அவற்றையே கேட்டுப் பெறுவது நல்லது. விலை கூடுதல்; எம்டிஏ பல்லைச் சற்றுச் சாம்பல் நிறமாக்கவும் கூடும். கடைவாய்ப் பல்லில் கேப் அதை மறைத்துவிடும்.

பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய முக்கியமான செய்தி, பல்போடமி செய்ய முடியுமா என்பது நாற்காலியில்தான் உறுதியாகிறது என்பது. மேற்கூழை எடுத்தபின் ஈரப் பஞ்சு வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் இரத்தம் நிற்க வேண்டும். நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் அழற்சி வேருக்குள்ளும் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது மருத்துவர், வேர்க்கூழ் முழுவதையும் நீக்கும் பல்பெக்டமிக்கோ பல்லை எடுப்பதற்கோ மாற வேண்டியிருக்கும். நடுவில் வெளியே வந்து அவர் திட்டத்தை மாற்றிச் சொல்லும்போது, பணம் பறிக்கும் தந்திரம் என்று சந்தேகிப்பவர்களைப் பார்க்கிறோம். சிகிச்சைக்கு முன்பே "இரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள், அதற்கு எவ்வளவு ஆகும்?" என்று பேசிவைத்துவிட்டால் இந்த மனக்கசப்பு வராது.

## பல்பெக்டமி: வேர்க்கூழ் முழுவதையும் நீக்குவது

பெரியவர்களுக்குச் செய்யும் ரூட் கெனாலுக்கு நெருக்கமானது இதுதான். கூழ் இறந்துவிட்டாலோ, வேர்வரை அழற்சி பரவிவிட்டாலோ, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து கழுவி, மருந்துப் பசையால் நிரப்பி, கேப் போடுவார்கள். சீழ் இருந்தால் இரண்டு அமர்வுகள் தேவைப்படலாம்.

பெரியவர் பல்லிலிருந்து இது வேறுபடும் இடத்தைப் புரிந்துகொண்டால் இதன் எல்லையும் புரியும். பால் கடைவாய்ப் பல்லின் வேர்கள் மெல்லியவை, வளைந்தவை, நாடாபோல் தட்டையான குழாய்கள் கொண்டவை. அவற்றுக்கு நடுவில்தான் நிலைப்பல்லின் மொட்டு அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மூலையையும் சுத்தம் செய்ய முடியாது. நுனியைத் தாண்டிக் கருவி போகவும் கூடாது. நிரப்பும் பொருளும் வேரோடு சேர்ந்து கரைய வேண்டும் என்பதால், பெரியவர்களுக்கு வைக்கும் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை இங்கே வைப்பதில்லை. துத்தநாக ஆக்சைடு யூஜெனால் பசை அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் கலந்த பசை வைக்கிறார்கள். முதலாவது வேரைவிட மெதுவாகக் கரையும், சில சமயம் துணுக்குகள் ஈறில் தங்கும். இரண்டாவது சில வேளை வேருக்கு முன்பே கரைந்து காலியாகிவிடும். இரண்டிலும் குறை உண்டு. இரண்டும் ஏற்கப்பட்டவை.

வேர் ஏற்கெனவே கணிசமாகக் கரைந்திருந்தாலோ, தொற்று நிலைப்பல் மொட்டைச் சூழ்ந்த எலும்பு வரை போயிருந்தாலோ, பல்லின் கூழறைத் தளம் ஓட்டையாகியிருந்தாலோ பல்பெக்டமி செய்வது பல்லுக்கும் குழந்தைக்கும் செய்யும் வீண் சோதனை. அந்த நிலையில் பல்லை எடுத்துவிடச் சொல்லும் மருத்துவர் திறமைக் குறைவால் சொல்லவில்லை.

இந்த இரண்டு சிகிச்சைக்கும் பின் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். செலவைக் குறைக்க, ஃபில்லிங்கோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்பது இயல்பு. சுவர்கள் மெலிந்த பல் உடைந்தோ, ஓரத்தில் கசிந்தோ, உள்ளே மறுபடி கிருமி நுழைந்தால் செய்த வேர் சிகிச்சை முழுவதும் வீணாகிறது. வெள்ளை நிறத்தில் சிர்கோனியா கேப் கிடைக்கிறது. பல்லை அதிகம் செதுக்க வேண்டும், விலையும் பல மடங்கு. பின்பல்லுக்கு ஸ்டீல் கேப் போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வித்தியாசப் பணத்தை அடுத்த பல்லுக்கு வைத்துக்கொள்ளலாம்.

## பல்லை எடுத்துவிடுவது

ஒரே ஊசி, சில நிமிட வேலை, தொற்றின் மூலமே போய்விடுகிறது. அந்த நேரத்துச் செலவும் குறைவு. காப்பாற்ற முடியாத பல்லுக்கு இதுவே நேர்மையான சிகிச்சை. நாள்பட்ட சீழுடன் பல்லை வைத்திருந்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமல் பாதிக்கப்பட்டு, அது பழுப்புத் திட்டுடனோ குழிவிழுந்தோ முளைக்கக் கூடும். ஆகவே எப்படியாவது பால் பல்லைக் காப்பது என்ற பிடிவாதம் நிலைப்பல்லைக் காவு கொடுப்பதாக ஆகிவிடக் கூடாது.

ஆனால் எடுத்தவுடன் கணக்கு முடிவதில்லை. கடைவாய்ப் பல்லை உரிய காலத்துக்கு வெகு முன்பே எடுத்தால், இடத்தைக் காக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற கம்பிச் சாதனம் வேண்டுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, அதிலிருந்து கம்பி வளைவு நீண்டு வெற்றிடத்தைக் காக்கும் வகையே பரவலானது. அதற்கு அளவெடுக்க வேண்டும், பொருத்த வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்; சிமென்ட் கழன்றால் மறுபடி ஒட்ட வேண்டும்; அடியில் உணவு தங்கிச் சொத்தை பிடிக்காமல் கூடுதல் கவனத்துடன் துலக்க வேண்டும்; நிலைப்பல் எட்டிப் பார்த்ததும் கழற்ற வேண்டும். ஐந்து வயதில் எடுத்த பல்லுக்கு இந்தப் பராமரிப்பு பல ஆண்டுகள் ஓடும். மேலும், மிக இளம் வயதில் பால் பல்லை எடுத்தால், கீழுள்ள நிலைப்பல்லின்மேல் எலும்பு மூடிக்கொண்டு அது வருவதே தாமதப்படக் கூடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், எடுப்பதுதான் மலிவு என்ற எண்ணம் சிறு வயதுக் கடைவாய்ப் பல் விஷயத்தில் பெரும்பாலும் நிற்காது.

ஆறு வயதுப் பல் முளைக்கும் முன்பே இரண்டாவது பால் கடைவாய்ப் பல்லை எடுக்க நேர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கல். கம்பியைத் தாங்கப் பின்னால் பல் இருக்காது. ஈறுக்குள் செல்லும் நாக்குப் போன்ற நீட்சியுடைய தனி வகைச் சாதனம் வேண்டும். இதயக் குறைபாடோ எதிர்ப்பு ஆற்றல் குறைவோ உள்ள குழந்தைக்கு அதுவும் ஏற்றதல்ல.

## காத்திருப்பது

சில மாதங்களில் விழப்போகும், வலியும் சீழும் இல்லாத பல்லுக்குக் காத்திருப்பது சரியான முடிவு. மற்றபடி, மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுத்துத் தள்ளிப்போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இறந்த கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வீக்கம் சற்று வடியும், மூலம் அப்படியே இருக்கும், ஒவ்வொரு முறையும் மீளக்கூடிய வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இன்று பல்போடமியில் முடிந்திருக்கக்கூடிய பல், சில மாதங்களில் எடுக்க வேண்டிய பல்லாகிவிடும். வலிக்கு, குழந்தையின் எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

கன்னமோ கண்ணுக்குக் கீழேயோ வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், வாயைத் திறக்க, விழுங்க, மூச்சுவிடச் சிரமப்பட்டாலும், தாடைக்கு அடியில் வீக்கம் கெட்டியானாலும் அது கிளினிக் நேரத்துக்காகக் காத்திருக்கும் விஷயமில்லை. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நரம்பைத் தொடாமல் மூடுவது | பல்போடமி | பல்பெக்டமி | எடுத்தல் |
|---|---|---|---|---|
| கூழின் நிலை | நலம் அல்லது மீளக்கூடியது | மேலே பாதிப்பு, வேர்க்கூழ் நலம் | வேர்வரை பாதிப்பு அல்லது இறந்தது | எந்த நிலையிலும் |
| பொருந்தாத சூழல் | தானாக வரும் வலி, சீழ் | சீழ், நிற்காத இரத்தக் கசிவு | கரைந்த வேர், சுவரில்லாத பல் | இரத்தம் உறையாக் கோளாறில் தனி ஏற்பாடு தேவை |
| அமர்வுகள் | ஒன்று அல்லது இரண்டு | பெரும்பாலும் ஒன்று | ஒன்று அல்லது இரண்டு, நீளமானவை | ஒன்று |
| உடனடிச் செலவு | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம், கேப் சேர்த்து | அதிகம், கேப் சேர்த்து | மிகக் குறைவு |
| பின்னால் வரும் செலவு | மீளாய்வு | மீளாய்வு, எக்ஸ்-ரே | மீளாய்வு, எக்ஸ்-ரே. தோற்றால் எடுத்தல் | இடம் காக்கும் கம்பி, அதன் பராமரிப்பு. தவறினால் பல் சீரமைப்பு |
| நிலைப்பல்லுக்கு இடம் | காக்கப்படும் | காக்கப்படும் | காக்கப்படும் | கம்பி இல்லாவிட்டால் குறையலாம் |

## எந்தக் குழந்தைக்கு எது

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இரண்டாவது கடைவாய்ப் பால் பல் என்றால், காப்பாற்ற வாய்ப்பு இருக்கும்வரை காப்பாற்றப் போராடுங்கள். செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தரும் பல் அதுதான். பல்பெக்டமி செய்து, அது ஆறு வயதுப் பல் ஒழுங்காக முளைத்து நிலைகொள்ளும்வரை தாக்குப்பிடித்து, அதன் பிறகு தோற்றால்கூட அந்தச் சிகிச்சை தன் வேலையைச் செய்துவிட்டது என்றே நான் கணக்கு வைப்பேன். அப்போது சாதாரண வளையக் கம்பி போட வசதி வந்துவிடும்.

ஒன்பது, பத்து வயதுக் குழந்தையின் முதல் கடைவாய்ப் பால் பல் சீழ்பிடித்திருந்தால் நேர்மாறு. வேர் கரையத் தொடங்கியிருக்கும், நிலைப்பல் மேலெழும்பிக்கொண்டிருக்கும். இந்த வயதில் ரூட் கெனாலும் கேப்பும் சொல்லப்பட்டால் எக்ஸ்-ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எடுப்பதே நலம்.

மேல் முன்பற்கள் தனி வகை. இரவில் பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தைகளுக்கு முதலில் அரிபடுபவை இவைதான். கோரைப்பற்கள் முளைத்துவிட்ட குழந்தைக்கு மேல் முன்பற்களை எடுத்தால் பெரும்பாலும் இடம் குறைவதில்லை. எனவே இங்கே காப்பதா எடுப்பதா என்பது தோற்றம், பேச்சு, குழந்தையின் மனம் ஆகியவற்றைப் பொறுத்தது. மூன்று வயதில் காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்தால் பல்பெக்டமி செய்து வெள்ளை நிறக் கேப் போடுவது நியாயமானது. ஆறு வயதை நெருங்கும் குழந்தைக்கு அது தேவையில்லை. எடுத்துவிட்டதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளும் தாய்மார்களுக்குச் சொல்ல விரும்புவது, இதனால் வரும் பேச்சு மாற்றம் பெரும்பாலும் தற்காலிகமானது.

பிறவியிலேயே கீழே நிலைப்பல் உருவாகாத குழந்தைகளும் உண்டு. இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லின் இடத்தில் வர வேண்டிய இரண்டாவது முன்கடைவாய்ப் பல் இல்லாதிருப்பது அரிதல்ல. அப்படியானால் அந்தப் பால் பல் பல ஆண்டுகள் இருக்க வேண்டியதாகிறது, முடிவும் அதைக் காக்கும் பக்கம் சாய்கிறது, கரையாத கட்டாபெர்ச்சாகூட அங்கே பொருந்தும். பல் சீரமைப்பு மருத்துவரின் கருத்தையும் சேர்த்துக் கேட்ட பிறகே தொட வேண்டும்.

இதய வால்வில் தொற்று ஏற்படும் ஆபத்து அதிகமுள்ள குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை ஆகியோருக்கு, தொற்று மிஞ்ச வாய்ப்புள்ள பல்பெக்டமியைவிட எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். குழந்தையின் இதய மருத்துவரோ புற்றுநோய் மருத்துவரோ சொல்லும் முன்னேற்பாடுகள் இல்லாமல் எந்தப் பல் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது.

இரண்டு, மூன்று வயதில் எட்டுப் பத்துப் பற்கள் கெட்டுப்போன குழந்தைக்குப் பொது மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிப்பார்கள். அங்கே அளவுகோல் இன்னும் கடுமையாகிறது: ஆறு மாதம் கழித்துத் தோற்கக்கூடிய சந்தேகமான சிகிச்சைக்காக மறுபடி மயக்க மருந்து கொடுக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே அரைகுறை நம்பிக்கையுள்ள பற்களை எடுத்துவிடுவது அந்த நாளில் விவேகம்.

## ரசீதில் வராத செலவுகள்

"ரூட் கெனால் இவ்வளவு" என்று சொல்லப்படும் தொகையில் கேப், எக்ஸ்-ரே, மருந்துப் பொருள், மீளாய்வு ஆகியவை அடக்கமா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். பாதியில் தோற்றால் எடுப்பதற்கும் இடம் காக்கும் கம்பிக்கும் தனிக் கட்டணமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் புறநோயாளிப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை என்பதால் முழுத் தொகையும் கையிலிருந்தே போகும். பணம் இடிக்கிறதென்றால், பல்லை விட்டுவிடும் முன் பல் மருத்துவக் கல்லூரிகளை நினைத்துப் பாருங்கள். 1953 இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும், தமிழ்நாட்டின் பல தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் குழந்தைகளுக்கென்றே தனித் துறை வைத்திருக்கின்றன. ஆசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்கிறார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம். வேலைக்கு விடுப்புப் போட்டு முழுக் காலையையும் அங்கே கழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் அளக்க முடியாத செலவு, குழந்தையின் அச்சம். ஐவர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துக்கொண்டு முடித்த சிகிச்சை, பல்லைக் காத்தாலும், அடுத்த இருபது ஆண்டுக்கு அந்தக் குழந்தையைப் பல் மருத்துவரிடமிருந்து விலக்கிவைக்கும். வலி அவசரம் இல்லாதபோது, முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் காட்டிவிட்டு மட்டும் திரும்பி வருவது நல்ல முதலீடு. குழந்தைகள் பல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவரிடம் போவதன் பெரிய பயன் இந்தப் பொறுமையில்தான் தெரியும். நைட்ரஸ் ஆக்சைடு வாயு போன்ற, குழந்தையின் அச்சத்தை இலேசாகத் தணிக்கும் வசதி உள்ள இடமா என்றும் கேட்டறியலாம்.

## சிகிச்சை நாளும் அதன் பிறகும்

கீழ்த்தாடையில் ஊசி போட்டால் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். புதிதாக இருக்கும் அந்த உணர்வைச் சோதிக்கக் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்து, மறுநாள் பெரிய புண்ணோடு எழும். பெற்றோர் அதைச் சிகிச்சையால் வந்த தொற்று என்று பதறுவார்கள். மரப்பு போகும்வரை சாப்பாடு கொடுக்காமல், கண்பார்வையிலேயே வைத்திருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

வேர் சிகிச்சை செய்த பல்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். மருத்துவர் தேவை என்று கருதும்போது எக்ஸ்-ரேயும் எடுக்க வேண்டும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு கரைந்துகொண்டிருப்பதை அந்தப் படம்தான் காட்டும். ஈறில் கொப்புளம் திரும்பி வந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

ஒரு பல் இந்த நிலைக்கு வந்திருக்கிறதென்றால் மற்றவை வரிசையில் நிற்கின்றன. இரவுப் புட்டியை நிறுத்துவதும், ஃபுளோரைடு உள்ள பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும் அதன் பிறகு பட்டாணி அளவும் வைத்துப் பெரியவரே துலக்கிவிடுவதும் இந்தச் சிகிச்சையின் பகுதியே. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்கள் பற்பசை பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

கேப் போட்ட பால் பல், உரிய வயதில் கேப்போடு சேர்ந்தே விழும். அதைத் தனியே கழற்ற வேண்டியதில்லை. வேர் சிகிச்சை செய்த பற்களில் சில உரிய காலத்தில் விழாமல் தங்கிவிடுவதும் உண்டு. பத்து, பதினோரு வயதில் நிலைப்பல் பக்கவாட்டில் தலைகாட்டத் தொடங்கியும் பழைய பல் அசையாமல் நின்றால், தானாக விழட்டும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி அதை எடுத்துவிடுங்கள்.